குருதிக் கூட்டம்

அவளுடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. பெயர்களை எழுதி வைத்து அவள் பட்ட பாடு போதும். கல்லூரியில் பொடியன்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘குரூப்’. “குரூப் வருது, கையை மறையுங்கோ” என்று சொல்லிக்கொண்டு சட்டைக் கைகளை மணிக்கட்டு வரைக்கும் இழுத்து விடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வருவாள். வந்தால் கேட்காமல் போகமாட்டாள்.

போன வாரம் முழங்கால் நோவுக்கு மருந்தெடுக்கத் தெஹிவளையில் ஒரு டிஸ்பென்சரிக்குப் போனேன். துண்டு நிரப்பிக்கொண்டிருந்த பிள்ளை தலையை நிமிர்த்தாமலே, “பிளட் குரூப் என்ன அன்ரி?” என்றாள். “ஓ பொசிட்டிவ்” என்று சொல்லிவிட்டு வந்து கதிரையில் இருந்தேன். அரை வினாடிகூட ஆகவில்லை. இதே கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு காலத்தில் எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும் கேட்டவள் அவள்தான்.

அப்போது வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், கீழே புடவைக் கடையும் மேலே எங்கள் கல்லூரியும். கல்லூரி என்றால் மூன்று அறையும் ஒரு தகர மாடிப்படியும். கணக்கியல் படிப்பித்தார்கள். படிக்க வந்தவர்களைவிட, வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்க வந்தவர்களே அதிகம். கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்று சோதனைச் சாவடியில் கேட்டால் காட்ட ஒரு மாணவர் அட்டை வேண்டும். பாதிப் பேர் அந்த அட்டைக்குத்தான் சேர்ந்தோம், நானும்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சித்தி வீட்டில் இருந்தேன். கனடாவில் இருந்த அண்ணன் கூப்பிடுவதாக ஏற்பாடு.

அவள் மலையகத்துக்காரி. பாமன்கடையில் தூரத்துச் சொந்தம் ஒன்றின் வீட்டில் தங்கியிருந்தாள். காலையில் அந்தப் பக்கத்து மருத்துவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை, பின்னேரம் வகுப்பு. எலும்பும் தோலுமாக இருப்பாள். பக்கத்தில் வந்து இருந்தால் ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட் மணம் வரும். ஆளின் முகத்தைப் பார்த்துக் கதைக்கமாட்டாள், முழங்கை மடிப்பைப் பார்த்துத்தான் கதைப்பாள். “நல்ல நரம்புங்க உங்களுக்கு” என்பது அவள் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய புகழ்ச்சி. எங்கள் வகுப்பிலேயே வடிவான பெட்டையிடம்கூட அவள் அதைத்தான் சொன்னாள்.

முதல் நாள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். புத்தகத்தைக்கூட வெளியே எடுக்கவில்லை. “நீங்க என்ன குரூப்?” என்று கேட்டாள்.

அந்த நாட்களில் எங்கள் வாயில் ‘குரூப்’ என்றால் ஆயுதம் வைத்திருந்த இயக்கங்கள்தான். எந்தக் குரூப் என்று யாராவது கேட்டால், கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார், யாரிடம் போய்ச் சொல்லப்போகிறார் என்று மூன்று பயம் ஒன்றாக வரும்.

“நான் ஒண்டிலயும் இல்லை” என்றேன்.

“அது எப்படிங்க? எல்லாருக்கும் ஒண்ணு இருக்குமே.”

“சத்தியமா எனக்கு ஒண்டும் இல்லை. எங்கட வீட்டிலயும் ஒருத்தரும் இல்லை.”

“இல்லாம இருக்காதுங்க” என்றாள் பொறுமையாக. “பொறந்தப்பவே வந்துடும். அம்மா கிட்டயிருந்து பாதி, அப்பா கிட்டயிருந்து பாதி.”

முன் வாங்கில் இருந்தவன் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டான். அவள் தன் விரல் நுனியைக் காட்டி, “ரத்தங்க, ரத்தம்” என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது. நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவள். டாக்குத்தராக வர நினைத்து, புள்ளி காணாமல் கணக்கியலுக்கு வந்தவள். அந்தப் பெருமையில் மிச்சமிருந்தது தமிழ்ச் சொற்கள் மட்டும்தான்.

“குரூப் எண்டு ஆரையும் கேக்காதேயும்” என்றேன். “பயந்து போவினம். தமிழிலை குருதிக் கூட்டம் எண்டு சொல்லுறது. பாடப்புத்தகத்திலயே அப்பிடித்தான் கிடக்கு.”

“குருதிக் கூட்டம்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். “எங்க பக்கம் கூட்டம்னா யூனியன் கூட்டம்தாங்க.”

“அது வேறை, இது வேறை.”

அவளிடம் தடித்த மட்டை போட்ட ஒரு கொப்பி இருந்தது. முதல் பக்கத்தில் கோழிக் கீறலாக ‘ரத்த குரூப்’ என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அடுத்த தாளில் ‘குருதிக் கூட்டம்’ என்று என் நல்ல கையெழுத்தில், அடிமட்டம் வைத்து இரண்டு கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன். அவள் அதை ஆசையோடு பார்த்தாள். “பத்திரிகைல வர்ற எழுத்து மாதிரி இருக்குதுங்க” என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தக் கொப்பி ஏன் என்று கேட்டபோதுதான் விஷயத்தைச் சொன்னாள். களுபோவில ஆஸ்பத்திரிக்கு ஒப்பரேஷனுக்கு வரும் வெளியூர்ச் சனம் அவள் வேலை செய்த ஆய்வுக்கூடத்துக்கும் வந்து போகும். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள், வவுனியாவில் பயண அனுமதிப் பாஸ் எடுத்து வந்தவர்கள், பதுளைப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். வார்டில் இரண்டு பைன்ட் ரத்தத்துக்கு ஆள் கொண்டுவா என்று துண்டு கொடுத்துவிடுவார்கள். கொழும்பில் சொந்தம் இல்லாதவன் ஆளுக்கு எங்கே போவான்? துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூட வாங்கில் வந்து இருப்பானாம்.

“பஸ்ஸில பத்து நிமிஷம்” என்றாள் அவள். “இங்க நாப்பது பேரு வயசுப் புள்ளைங்க சும்மா உக்காந்திருக்காங்க. கேட்டா என்னங்க? கேட்டாத்தானே இல்லைன்னாவது சொல்லுவாங்க.”

அவளைப் பற்றி நான் சொல்லக்கூடியதெல்லாம் அந்தக் கடைசி வசனத்துக்குள் அடங்கிவிடும். மறுப்பு அவளைத் தொடாது. நாங்கள் ஒருவரிடம் ஒன்று கேட்டு அவர் மாட்டேன் என்றால், அந்த ஆளின் முகத்தில் பிறகு முழிக்கமாட்டோம். அவள் அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே ஆளிடம் அதே கேள்வியோடு வந்து நிற்பாள். அவளுக்கு அது வெட்கமில்லாத குணமா, அல்லது பெரிய குணமா என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஆய்வுக்கூடத்து டாக்குத்தர் மாத்தையாவிடம் கேட்டு, நீலம், மஞ்சள், நிறமில்லாதது என்று மூன்று சின்னப் போத்தலும் ஒரு வெள்ளை ஓட்டுத் துண்டும் கொண்டுவருவாள். விரலில் குத்தி, ஓட்டில் துளி விட்டு, குச்சியால் கலக்கிப் பார்த்துச் சொல்வாள். நாற்பத்தொரு பேரில் முப்பது பேருக்காவது தங்கள் ரத்தம் என்னவென்று அதுவரை தெரியாது. கணக்கியல் பிள்ளைகள்தானே, அதைச் சோதனை மறுமொழி மாதிரி எடுத்தார்கள். ஏ வந்தவன் காலரைத் தூக்கிவிட்டான். பி வந்தவனின் தாய், “அதிலயும் ஒரு ஏ எடுக்கேலாமல் போச்சோ?” என்று கேட்டாளாம். கொக்குவில் பொடியன் ஒருவனுக்கு நெகட்டிவ் என்று சொன்னதும் அவன் முகம் செத்துப்போனது. “இது என்ன வருத்தம்? மாறுமோ?” என்று இரகசியமாகக் கேட்டான்.

“மாறாதுங்க. அருமையான ரத்தம், ரொம்பப் பேருக்குக் கெடைக்காது.”

“அப்ப ஏன் நெகட்டிவ் எண்டு பேர் வைச்சவங்கள்?”

அந்தப் பொடியன் ஒரு கிழமை வகுப்புக்கு வரவில்லை.

ரத்தம் என்ன இனம் என்று அறிய வந்தவர்கள் கொடுக்க வரவில்லை. விரலில் ஒரு துளி என்றால் வேடிக்கை, கையில் ஒரு பைன்ட் என்றால் ஆளாளுக்கு ஒரு கதை. சோதனை முடியட்டும், அம்மாவிடம் கேட்க வேண்டும், கலியாணம் பேசுகிறார்கள், கை நடுங்கும், வெயில் காலம். ஒருவன், “ஆருக்கு? எங்கட ஆளோ?” என்று கேட்டான். “எங்கட” என்பதற்குள் ஊர், சாதி எல்லாம் இருந்தது.

“போத்தல்ல ஊர் பேரு எழுத எடம் இல்லைங்க” என்றாள் அவள். அவ்வளவுதான், அதற்குமேல் வாதாடவில்லை.

சிலர் வெளிப்படையாகச் சொன்னார்கள். “நான் குடுக்கிற ரத்தம் காயப்பட்ட ஆமிக்காரனுக்குப் போகாதெண்டு உன்னாலை சொல்லேலுமோ?” அந்தக் கேள்வியை அப்போது நானும் நியாயமானதாகத்தான் நினைத்தேன். ஊரில் ஷெல்லடியில் செத்தவர்களின் பெயர் கிழமைக்குக் கிழமை வந்துகொண்டிருந்தது. அவள் அவனுடைய முழங்கையைப் பார்த்தாள். “சொல்ல முடியாதுங்க” என்றாள். பிறகு கொப்பியில் எதையோ எழுதினாள்.

கொப்பியில் நிரல் போட்டிருந்தாள். பெயர், ரத்த இனம், தங்கியிருக்கும் விலாசம், கேட்ட நாள், சொன்ன பதில். ஒருநாள் எட்டிப் பார்த்தபோது பதில் நிரலில் ‘ஊசி பயம்’, ‘ஊசி பயம்’ என்று வரிசையாகக் கிடந்தது. ஆமிக்குப் போகும் என்று சொன்ன எல்லோருக்கும் அதையே எழுதியிருந்தாள்.

“ஏன் பொய் எழுதுறீர்?” என்று கேட்டேன்.

“அவரு சொன்னதை அப்படியே எழுதுனா, நாளைக்கு அவருக்குத்தானுங்க பிரச்சினை. ஊசி பயம்னா யாரு என்ன செய்ய முடியும்?”

என் பெயர் அந்தக் கொப்பியில் இல்லை. அது சித்தியின் சட்டம். “என்ன லிஸ்டா இருந்தாலும் சரி, உன்ரை பேர் அதிலை வரக்கூடாது. கோயில் உபயத்திலை கூட எழுதாதை” என்பாள். சித்தியின் பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பெட்டிக்குள் இருந்த கடிதத்தால், சட்டைப் பையில் கிடந்த ஒரு டெலிபோன் நம்பரால் உள்ளே போனவர்களை எங்களுக்குத் தெரியும். அதனால் கிழமைக்குக் கிழமை அவள் கேட்பாள், நான் “பிறகு சொல்லுறன்” என்பேன். விரலைக்கூட நீட்டவில்லை. “சரிங்க, பிறகு கேக்கிறேன்” என்பாள். இப்படியே மாதங்கள் போயின.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை.

பாமன்கடையிலிருந்து வரும் வழியில் சோதனைச் சாவடியில் பையைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே விரல் குத்தும் ஊசிகள், அந்த மூன்று சின்னப் போத்தல், பிறகு கொப்பி. அங்கே நின்ற அதிகாரி ஒருவர் கிழக்கில் வேலை செய்தவர். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பார். முதல் பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட தலைப்பு. சிங்களத்தில் குருதி என்றால் லே, கூட்டம் என்றால் ரெஸ்வீம. மனிதர் வாசித்ததில் ஒரு பிழையும் இல்லை. ரத்தக் கூட்டம். அடுத்த பக்கத்திலிருந்து நாற்பத்தொரு தமிழ்ப் பிள்ளைகளின் பெயர், விலாசம், தேதி.

அடுத்த நாள் அந்த அதிகாரி கல்லூரிக்கு வந்தார். எங்கள் அதிபர் சேர் வாசலில் நின்று கையைப் பிசைந்தார். அதிகாரி சத்தம் போடவில்லை. கொப்பியை விரித்து வகுப்புக்குக் காட்டி, தனக்குத் தெரிந்த தமிழில், “இந்தக் கூட்டம் எங்க நடந்தது?” என்று கேட்டார். “யார் வந்தது கூட்டத்துக்கு?” ஒருவரும் வரவில்லை என்று யாரோ சொன்னார்கள். அது உண்மைதான். பிறகு முதல் பக்கத்தைத் திருப்பி, தலைப்பில் விரலை வைத்து, “இது யார் எழுத்து?” என்றார்.

நான் இரண்டாவது வாங்கில் இருந்தேன். என் எழுத்தை அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. மிகவும் வடிவாக இருந்தது.

இரண்டு வசனம் போதும். ‘அது நான் எழுதினது. அதுக்கு அர்த்தம் பிளட் குரூப்.’ அந்த வகுப்பில் இருந்த எல்லோருக்கும் அர்த்தம் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எழுதியது அவர்கள் இல்லை. எனக்கு விசாவுக்குப் பொலிஸ் அறிக்கை வேண்டியிருந்தது. அதில் ஒரு கீறல் விழுந்தால் கனடா இல்லை. அதைத்தான் நான் நினைத்தேன், வேறு எதையும் நினைக்கவில்லை. அதிகாரி கொப்பியை மூடிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

சித்தியிடம் சொன்னேன். சித்தி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“நீ எழுதினதெண்டு ஆருக்குத் தெரியும்?”

“அவளுக்குத் தெரியும்.”

“அவள் சொல்லுவாளோ?”

“தெரியாது.”

“அப்ப வாயை மூடிக்கொண்டு வீட்டிலை இரு.”

இருந்தேன். மூன்று நாள் இருந்தேன். வாசலில் ஜீப் சத்தம் கேட்கும் போதெல்லாம் பின்னறைக்குப் போனேன். அவளை அடிக்கிறார்களா, சாப்பாடு கொடுக்கிறார்களா என்று நான் யோசித்திருக்க வேண்டும். அவள் என் பெயரைச் சொல்லிவிடுவாளோ என்றுதான் யோசித்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். அந்த விசா கடைசியில் கிடைக்கவுமில்லை. அண்ணன் அனுப்பிய கடிதத்தில் என்னவோ குறை என்று திருப்பி விட்டார்கள்.

கண்டிக்குப் போயிருந்த டாக்குத்தர் மாத்தையா மூன்றாம் நாள் திரும்பி வந்து, நேரே பொலிஸுக்குப் போய், தன் பெயர் அச்சடித்த தாளில் எழுதிக் கொடுத்து அவளைக் கூட்டி வந்தார். திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வந்துவிட்டாள். அதே நீலக் குடை, அதே பை. அவளுடைய வாங்கில் ஒருவரும் இருக்கவில்லை. நானும் போய் இருக்கவில்லை.

இடைவேளையில் கொக்குவில் பொடியன்தான் பக்கத்தில் போய்க் கேட்டான். அவள் சாதாரணமாகச் சொன்னாள். “அடிக்கலைங்க. ராத்திரி பகலா அதையேதான் கேட்டாங்க. கூட்டத்துக்கு எத்தனை பேரு வந்தாங்கன்னு. யாருமே வரலைங்க சேர், ஆறேழு மாசமா கேக்கிறேன், எல்லாரும் பிறகு பிறகுன்னு சொல்றாங்கன்னு சொன்னேன். நம்பலை. இவ்வளவு பேருக்கு ஊசி பயமான்னு கேட்டாங்க. ஆமா சேர்னேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். காவலுக்கு இருந்த பெண் பொலிஸிடம்கூட, “லே வர்கய மொகக்த?” என்று ரத்த இனத்தைக் கேட்டாளாம். ஏபி என்றாளாம். ரத்தம் தேவைப்பட்டால் வருவாயா என்றதற்கு, வருவேன் என்றாளாம். “இத்தனை நாள்ல வர்றேன்னு சொன்னது அந்தம்மா ஒருத்திதாங்க.” இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் கேட்டேன். “தலைப்பு ஆர் எழுதினதெண்டு கேட்டவங்களோ?”

“கேட்டாங்க” என்றாள். “நான்தான்னேன். உள்ள இருக்கிற எழுத்தும் தலைப்புல இருக்கிற எழுத்தும் வேறன்னு கண்டுபிடிக்கிற அளவுக்கு அவங்களுக்குத் தமிழ் தெரியலைங்க.”

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள்.

அதன் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் போத்தல்கள் வரவில்லை. பொடியன்களின் சட்டைக் கை எங்கே மடிந்திருக்கிறது என்று அவள் கவனிக்கவும் இல்லை. பாடத்தை எழுதுவாள், குடையை எடுப்பாள், போவாள். ஒருநாள் நான், “இப்ப ஏன் ஒருத்தரையும் கேக்கிறேல்லை?” என்றேன்.

“அலுப்பா இருக்குதுங்க” என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வரும் என்று நான் நினைக்கவில்லை. எங்களுக்கெல்லாம் அப்போது அலுப்புத்தான். துண்டு காட்டி அலுப்பு, பொலிஸில் பதிவு செய்து அலுப்பு, செய்தி கேட்டு அலுப்பு. அவள் ஒருத்திக்குத்தான் அது தொற்றவில்லை என்றிருந்தேன். அதையும் நான்தான் அவளுக்குக் கொடுத்திருந்தேன்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். ஒரு மத்தியானம் தகரப் படியில் வயதான மனிதர் ஒருவர் ஏறி வந்தார். வேட்டி கசங்கியிருந்தது, கையில் ஆஸ்பத்திரித் துண்டு. பருத்தித்துறைப் பக்கம். மனைவிக்கு அடுத்த நாள் ஒப்பரேஷன். ஆய்வுக்கூடத்தில் யாரோ இந்த விலாசத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவள் அவரை ஒரு கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தாள். தான் இரண்டு மாதத்துக்கு முன்தான் கொடுத்ததால் இப்போது தன்னிடம் எடுக்கமாட்டார்கள் என்று சொன்னாள். பிறகு துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு வகுப்புக்கு முன்னால் வந்து நின்றாள். நாங்கள் எல்லோரும் அவள் கேட்பதற்காகக் காத்திருந்தோம். அவள் கேட்கவில்லை. துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“நான் வாறன்” என்றேன்.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். முழங்கையைப் பார்க்கவில்லை.

களுபோவிலவுக்குப் பஸ்ஸில் போனோம், அந்த மனிதரும் கூட. இரத்த வங்கியில் ஒரு படிவம் தந்தார்கள். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம். சித்தியின் சட்டத்தை முழுதாக மீறி, எல்லாவற்றையும் என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். எனக்குள் ஒரு பெரிய காரியம் நடப்பது போல இருந்தது. இன்றைக்கு இதைக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று எண்ணினேன். நேர்ஸ் என் விரலில் குத்தினாள். ஓட்டில் ஒரு துளி விட்டுக் கலக்கி, “ஓ பொசிட்டிவ்” என்றாள். உலகத்தில் மலிந்து கிடக்கிற ரத்தம். இதையா இத்தனை மாதம் ஒளித்து வைத்தேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

பிறகு இன்னொரு துளியை நீல நிறத் தண்ணீர் இருந்த குவளைக்குள் விட்டாள். என்னோடு வந்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளின் முகம் மாறியது. நல்ல ரத்தம் என்றால் துளி நேரே அடிக்குப் போக வேண்டுமாம். என்னுடையது கொஞ்சம் இறங்கி, யோசித்து, மேலே வந்து மிதந்தது. நேர்ஸ் இன்னொருமுறை விட்டுப் பார்த்தாள். அதுவும் மிதந்தது.

“லே மதி, நங்கி” என்றாள் அன்பாக. ரத்தம் போதாது, தங்கச்சி. கீரை சாப்பிடச் சொல்லி, ஒரு பை நிறைய இரும்புச் சத்துக் குளிசை தந்து அனுப்பினாள்.

வெளியே வாங்கில் இருந்த மனிதரிடம் போய் நான்தான் சொன்னேன். அவர் எழும்பி நின்று கேட்டார். “பரவாயில்லை பிள்ளை. வந்தனீர்தானே, அதுவே காணும்” என்றார். காணாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஒப்பரேஷன் பின்தள்ளிப் போய், அடுத்த கிழமைதான் அந்த அம்மாவுக்கு எங்கேயோ இருந்து ஆள் கிடைத்தது. அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கும், நான் கேட்கவில்லை. எனக்கு அவளைப் போலக் கேட்க வராது.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. தெஹிவளைச் சந்தி தாண்டியது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“அண்டைக்கு நான் பொலிஸுக்கு வந்திருக்கோணும்” என்றேன்.

பரவாயில்லைங்க என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் சொன்னேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாங்க” என்றாள். “வந்திருக்கணும்.”

அதில் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நான் கையில் இருந்த குளிசைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்சத் தூரம் போனதும் அவள் பையைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்தாள். புதுக் கொப்பி. முதல் பக்கம் வெறுமையாக இருந்தது.

“தலைப்பு எழுதேல்லையோ?”

“வேணாங்க.”

அடுத்த பக்கத்தில் நிரல் போட்டிருந்தாள். இந்தத் தடவை விலாசத்துக்கு நிரல் இல்லை. என் பெயரை எழுதினாள். ஓ பொசிட்டிவ் என்று எழுதினாள். தேதியை எழுதினாள். பஸ் குலுங்கியதால் எழுத்து கோணிக்கொண்டு போனது. பதில் நிரலுக்கு வந்ததும் பேனையை நிறுத்தினாள்.

“ரத்தம் போதாது எண்டு எழுதும்” என்றேன்.

“கல்யாணம் ஆகாத புள்ளை. நாளைக்கு யாராவது எடுத்துப் படிச்சா உங்களுக்குத்தானுங்க பிரச்சினை” என்றாள். சொல்லிவிட்டு என் பெயருக்கு நேரே, மற்றவர்களுக்கெல்லாம் எழுதியது போலவே, ‘ஊசி பயம்’ என்று எழுதிக் கொப்பியை மூடினாள்.

விரலில் குத்தியபோது நான் கண்ணைக்கூட மூடவில்லை. பக்கத்தில் நின்று அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.